கேழ்வரகுக் கூழில் வந்த அம்மை

சுகாதார வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளே, தங்கைகளே, உங்களைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாக இருக்கிறது. நீங்கள் ஐஸ் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு ஊருக்குள் நுழைந்தால் தாய்மார்கள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வரிசையாக வந்து நிற்கிறார்கள். நான் சைக்கிளில் நுழைந்தால் ஊர் காலியாகிவிடும். நாய்கள் மட்டும் நிற்கும். அவற்றுக்காவது குத்திவிட்டுப் போகலாமா என்று யோசித்த நாட்கள் உண்டு.

ஐம்பதுகளின் கடைசியில் உத்திரமேரூர் வட்டாரத்தில் அம்மை குத்துகிறவனாக இருந்தேன். படிப்பு அஞ்சாவதோடு சரி. அதற்கு முன் லாரியில் கிளீனர், உப்பளத்தில் கூலி, டூரிங் சினிமாக் கொட்டகையில் மணல் கொட்டித் தரை போடுகிறவன். எங்கேயும் ஒரு மழைக்காலம் தாண்டி இருந்ததில்லை. சோறு கிடைக்காத ஊரிலிருந்து கிடைக்கிற ஊருக்கு நடந்துவிடுவேன், அவ்வளவுதான். இந்த வேலையில் நிலைத்ததற்கும் காரணம் அதே. இதில் நடப்பதற்குச் சம்பளம் கொடுத்தார்கள்.

எங்கள் கருவி உங்கள் ஊசி மாதிரி மெல்லியது இல்லை. ஒரு கைப்பிடி, அதன் நுனியில் பல் வைத்த சின்ன வட்டத் தகடு. கையில் மருந்துத் துளி வைத்து, அதன்மேல் தகட்டை அழுத்தித் திருக வேண்டும். வலிக்கத்தான் செய்யும். அதனால் வைக்கோல் போருக்குள் புகுந்துகொண்டவர்கள் உண்டு, கிணற்றுப் படியில் கழுத்தளவு தண்ணீரில் நின்றவர்கள் உண்டு. ஒருவர் பிணம் மாதிரி நீட்டிப் படுத்துக்கொண்டு பெண்டாட்டியை ஒப்பாரி வைக்கச் சொன்னார். அவளும் வைத்தாள். நன்றாக இருந்ததால் நான் உட்கார்ந்து கேட்டேன். போகப் போக அவள் புருஷனின் பெருமையை விட்டுவிட்டு, அவன் தனக்குச் செய்த அட்டூழியங்களை ராகத்தோடு எடுத்துவிட ஆரம்பித்தாள். பிணத்துக்குப் பொறுக்கவில்லை. எழுந்து உட்கார்ந்து, "எப்போடி உங்கம்மாவ நான் அப்டி சொன்னேன்?" என்றது. பிணத்துக்குக் குத்திவிட்டு வந்தேன்.

சிரிப்பதற்காகச் சொன்னேன் என்றாலும் விஷயம் இருக்கிறது. நாம் போய்ப் பார்ப்பது கையை. ஆனால் பெண்களின் மேல்கையைப் பார்க்கிற உரிமை ஊரில் வேறு எந்த உத்தியோகஸ்தனுக்கும் கிடையாது. போலீசுக்கு இல்லை, தாசில்தாருக்கு இல்லை. நமக்கு மட்டும் ரவிக்கைக் கையை மேலே இழுத்துக் காட்டுகிறார்கள். அங்கே அம்மைத் தழும்பு மட்டும்தான் இருக்கும் என்று யார் சொன்னது?

அந்தக் காலத்தில் அம்மையை நோய் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அம்மா வந்திருக்கிறாள் என்பார்கள். கொப்புளத்துக்குப் பெயர் முத்து. வாசலில் வேப்பிலை செருகிவிட்டால் அந்த வீட்டுக்குச் சட்டமே வேறு. தாளிக்கக் கூடாது. சத்தம் போடக் கூடாது. யார்மேலும் கை ஓங்கக் கூடாது. படுத்திருப்பது மருமகளாக இருந்தாலும் மாமியார் 'தாயே' என்றுதான் கூப்பிட வேண்டும். முத்து இறங்கி, தலைக்கு மஞ்சள் வேப்பிலைத் தண்ணீர் ஊற்றும் வரை அதுதான் ராஜாங்கம்.

செய்யாற்றுப் பக்கம் ஓர் ஊர். பெயர் வேண்டாம். அந்த ஊர்க் கிராம முன்சீப் ஒரு நாள் ஆள் அனுப்பினார்: "ஏகாம்பரம் பொண்சாதிக்கு அம்மா வந்துகீது. வந்து பாத்துட்டுப் போவச் சொன்னாரு."

ஏகாம்பரம் என்பவன் நெல் மூட்டை ஏற்றும் மாட்டு வண்டிக்காரன். கதவை மறைத்துக்கொண்டு நிற்கிற அளவு உடம்பு. நான் போனபோது வாசலில் வேப்பிலைக் கொத்துக்குப் பக்கத்தில் பூனை மாதிரி உட்கார்ந்திருந்தான். அவன் அம்மா என்னை மறித்தாள்.

"செருப்ப தெருவுலயே உடு நைனா. வரும்போது இன்னா துன்ன?"

"இட்லி."

"தொட்டுக்க?"

"மொளகாப்பொடி."

"எண்ணெ ஊத்திக்கினியா?"

"இல்ல."

"பொய் சொன்னா அம்மா கண்ண புடுங்கிடுவா."

"கொஞ்சூண்டு ஊத்திக்கினேன்."

வாய் கொப்பளிக்க வைத்து, தலையில் மஞ்சள் தண்ணீர் தெளித்துத்தான் உள்ளே விட்டாள். அதற்குள் உள்ளேயிருந்து ஒரு குரல், "எளனி" என்றது. கிழவி, "இதோ தாயே" என்று தோப்புப் பக்கம் ஓடினாள். அந்த வயதில் அப்படி ஓடியதைப் பார்த்து, எனக்கு இந்த மாதிரி ஒரு வரவேற்பு எந்த ஊரிலும் கிடைக்கவில்லையே என்று தோன்றியது.

உள்ளே அரையிருட்டு. வேப்பிலைப் படுக்கையில் ஒரு பெண் மஞ்சள் புடவையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு படுத்திருந்தாள். முகமெல்லாம் முத்து. நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். என் கையைவிடக் குளிர்ச்சியாக இருந்தது. இன்னும் கொஞ்சம் குனிந்தேன். கன்னத்திலிருந்து ஒரு முத்து கழன்று பாயில் விழுந்தது. எடுத்து விரலில் நசுக்கினேன். மாவு.

"இன்னாம்மா இது?"

"கூயு," என்றாள் கண்ணைத் திறக்காமலே. "கேவுரு கூயு. காஞ்சிப்போச்சி. சத்தம் போடாத நைனா."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் உதட்டிலும் சிரிப்புதான். ஏற்கெனவே அம்மை குத்திய தழும்பு இருக்கிறதா என்று வழக்கப்படி ரவிக்கைக் கையை மேலே தள்ளினேன். இருந்தது. அதைச் சுற்றி மாட்டுச் சாட்டையின் வரிகள், பழையதன்மேல் புதியது. முழங்கைக்குக் கீழே எலும்பு ஒருமுறை ஒடிந்து கோணலாகச் சேர்ந்திருந்தது. நான் அவள் முகத்தில் மொய்த்த ஈயை ஓட்டக் கையைத் தூக்கினேன். அவள் இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு சுவரோடு சுருண்டுவிட்டாள். கண் அப்போதும் மூடித்தான் இருந்தது. என் கையை அவள் பார்க்கவில்லை. கை கிளப்பிய காற்றே போதுமாக இருந்தது.

"ஈம்மா. ஈயத்தான் ஓட்டினேன்," என்றேன்.

"தெரியும்," என்றாள். கையை எடுக்கக் கொஞ்ச நேரம் ஆனது.

அவள் பெயர் கன்னியம்மா. நான் கேட்டதால் சொன்னாள்.

"அப்பா வூட்டுக்குப் போவலியா?" என்றேன்.

"போனேனே. மறுநாளே வாயப்பயம் ஒரு சீப்பு வாங்கிக்கினு அவரே இட்டாந்து உட்டுட்டாரு. பயத்த இவன் துன்னான்."

"போலீசுக்கு?"

"அதுவும் போனேன். ஏட்டையா நல்ல மாதிரி. ஒக்கார வெச்சி டீ வாங்கிக் குடுத்தாரு. அப்பால இவனுக்கே ஆள் அனுப்பி, இவன் வண்டிலயே ஏத்தி உட்டாரு. 'பத்திரமா இட்டுக்கினு போப்பா'ன்னாரு."

"ஊர்ல பெரியவங்க?"

"முன்சீப்பு ஐயா 'எந்தக் கைல அடிச்சான்'னாரு. வலது கைன்னேன். 'தாலி கட்ன கைதானே'ன்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்." கன்னத்து முத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "அவன் பயப்படறது அம்மா ஒருத்திக்குத்தான். அம்மா வந்ததுலருந்து ஒரு அடி வுழல. நேத்து மாமியா என் கால அமுக்கி உட்டா. நீ வெளிய போயி அம்மா இல்லன்னு சொல்லிடாத நைனா. சொன்னா என்ன கொன்னுடுவான். சும்மா சொல்லல."

"எவ்ளோ நாளு இப்டியே கூயு பூசிக்கினு கெடப்ப?"

"கேவுரு தீர்ற வரைக்கும்."

"எங்க போனா நல்லாருப்ப?"

"மாகறல்ல எங்கக்கா கீறா. புருசன் செத்துட்டான். நாத்து நடப் போவா, களை எடுக்கப் போவா. என்ன வான்னுதான் சொல்றா. ஆனா நானா போனா ஓடிப்போனவன்னு ஊரே வண்டி கட்டிக்கினு வந்து இட்டாந்துடும். ஊரே பாத்து அனுப்பினாத்தான் உண்டு. ஊரு எதுக்கு அனுப்பப் போவுது?"

வெளியே வந்தேன். முன்சீப், ஏகாம்பரம், இளநீரோடு கிழவி, பின்னால் பாதித் தெரு. எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள்.

"இன்னாப்பா," என்றார் முன்சீப், "பெரிய அம்மாவா, சின்ன அம்மாவா?"

தம்பிகளே, இந்த இடத்தைக் கவனியுங்கள். அம்மை இல்லை என்று சொன்னால் வேப்பிலையைப் பிடுங்கிவிடுவார்கள், அடுத்த நிமிஷம் சாட்டை இறங்கும். பெரியம்மை என்று சொன்னால் காஞ்சிபுரத்திலிருந்து லாரியில் ஆட்கள் வருவார்கள், விஷயம் உடைந்துவிடும், என் வேலையும் போய்விடும். சின்னம்மை என்று சொன்னால் உனக்கு இங்கே வேலையில்லை, கிளம்பு என்பார்கள். என் படிப்புக்கு எட்டியதைச் சொன்னேன்:

"இன்னும் சரியா தெரியல. முத்து நல்லா ஒட்டல. ரெண்டு மூணு நாளு பாக்கணும். அது வரைக்கும் அம்மா மனசு கோணக் கூடாது. வூட்டு ஆம்பள உள்ள போவக் கூடாது. முக்கியமா, அவருக்கு இப்பவே குத்தணும்."

திரும்பிப் பார்த்தால் ஏகாம்பரம் நின்ற இடத்தில் அவன் துண்டு மட்டும் கிடந்தது. ஆள் ஏரிக்கரைப் புளியமரத்தில் இருந்தான். அவ்வளவு பெரிய உடம்பு அவ்வளவு உயரத்துக்கு எப்படிப் போனது என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

"எறங்குடா!" என்றார் முன்சீப்.

"எனக்கு அம்மாவே வந்தாலும் பரவால்லங்க. இந்தத் திருகு மட்டும் வோணாங்க. சின்ன வயசுலருந்து ஆவாதுங்க."

"டேய், குத்திக்காதவன்மேல கேஸ் போடலாம். அதுக்கு சட்டம் கீது. நான் எய்தி அனுப்பினா ஜெயிலு."

நான் முன்சீப்பிடம் மெல்லக் கேட்டேன்: "ஐயா, பொண்டாட்டி கைய ஒடிச்சா அதுக்கு சட்டம் கீதுங்களா?"

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "அது வூட்டு விசயம்பா. நீ இன்னா, உன் வேலய பாக்க மாட்டியா?"

பின்னால் தெரிந்துகொண்டேன், சட்டம் அதற்கும் இருந்தது. அதைக் கையில் எடுக்கத்தான் அங்கே ஆள் இல்லை. திருகுக்குப் பயந்து மரமேறியவனை இறக்க முன்சீப்பும் தலையாரியும் நான்கு வாலிபர்களும் கயிற்றோடு ஓடினார்கள். கன்னியம்மா அந்த மரத்தடி வழியாகத்தான் ஒடிந்த கையோடு நாட்டு வைத்தியரிடம் போயிருப்பாள். அன்று யாரும் ஓடவில்லை. கடைசியில் ஏகாம்பரத்தை இறக்கி, மூன்று பேர் மேலே உட்கார்ந்துகொள்ள, இடது கையில் குத்தினேன். அவன் போட்ட சத்தத்தில் ஏரியிலிருந்த கொக்கெல்லாம் பறந்துவிட்டது. முகத்தில் மாற்றமில்லாமல் திருகினேன். வழக்கத்தைவிடக் கொஞ்சம் நிதானமாகத் திருகினேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் நான் போனபோது கிழவி கன்னியம்மாவின் கால்மாட்டில் கைகூப்பி நின்றுகொண்டிருந்தாள்.

"தாயே, எப்ப எறங்குவ? எங்கனா கொறை வெச்சிட்டனா?"

நான் ஒரு யோசனை சொல்லலாம் என்றுதான் போயிருந்தேன். கன்னியம்மா என்னைவிட வேகமாக யோசித்திருந்தாள். கண்ணை மூடிக்கொண்டே, "இந்தக் கெணத்துத் தண்ணி எனக்கு வோணாம்," என்றாள். "செய்யாத்துத் தண்ணி வோணும். மாகறல்ல ஊத்து. ஊரோட வந்து ஊத்து."

"உத்தரவு தாயே," என்று கிழவி வெளியே ஓடினாள். கன்னியம்மா ஒரு கண்ணை மட்டும் திறந்து என்னைப் பார்த்தாள். "அதிகமா கேட்டுட்டனா?"

"தாராளமா கேளு," என்றேன்.

ஊர் வண்டி கட்டியது. ஏகாம்பரத்தின் வண்டி, ஏகாம்பரத்தின் மாடு. ஓட்டியது தலையாரி. வண்டிக்கு மேல் வேப்பிலைப் பந்தல், முன்னால் முன்சீப்பும் பம்பையும், பின்னால் பெண்கள் கூட்டமும் நானும். ஏகாம்பரம் கிட்ட வரக் கூடாது என்பதால், எட்டத் தள்ளித் தலையில் ஒரு கூழ்ப் பானையைச் சுமந்துகொண்டு வந்தான். அம்மாவுக்குக் கூழ் பிடிக்கிறது என்று கிழவி கண்டுபிடித்திருந்தாள். முகத்தில் உபயோகமாவதற்காகத்தான் கன்னியம்மா தினம் ஒரு கிண்ணம் கேட்டாள் என்பது கிழவிக்குத் தெரியாது.

வெயில் ஏறியது. கன்னியம்மாவுக்கு வியர்த்தது. முத்துகள் ஒவ்வொன்றாகக் கழன்று விழ ஆரம்பித்தன. பக்கத்தில் நடந்துவந்த ஓர் அம்மாள் விழுந்த முத்தை எடுத்தாள். முடிந்தது கதை என்று நினைத்தேன். அவள் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "அம்மா எறங்க ஆரமிச்சிட்டா!" என்று குலவையிட்டாள். அதற்கப்புறம் முத்துக்கு அடிதடி.

அந்த நேரத்தில்தான், யாரோ சொல்லிக் கேள்விப்பட்டு, எதிரே எங்கள் ஹெல்த் இன்ஸ்பெக்டர் வந்தார். ஓரிக்கைப் பக்கம் பாலாற்று மணலில் சைக்கிளைத் தள்ளிக் களைத்து, வேட்டியெல்லாம் புழுதியோடு வந்துகொண்டிருந்தார். ஒல்லியான மனிதர், தொப்பி மட்டும் பெரிது. கோபம் வந்தால் தொப்பி ஆடும். அன்று பயங்கரமாக ஆடியது.

"யோவ்! யாரைக் கேட்டு இந்த ஊர்வலம்? பெரியம்மையைத் தேர் மாதிரி இழுத்துக்கிட்டு வர்றியா? நீ அம்மை குத்தறவனா, அம்மையைப் பரப்பறவனா? திருப்பு வண்டியை!"

பம்பை நின்றது. தலையாரி மாட்டை நிறுத்தினார். ஊர் முழுக்க என்னைப் பார்த்தது. அம்மை இல்லை சார் என்று நான் உரக்கச் சொன்னால், அம்மன் பெயரால் ஏமாற்றியவள் என்று அந்தக் கூட்டமே அவளைக் கிழித்துவிடும். அம்மைதான் சார் என்று சொன்னால் அவர் வண்டியைத் திருப்பி, அதே வீட்டில் வைத்துப் பூட்டிவிடுவார்.

நான் அவர் பக்கத்தில் போய், அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னேன்: "சார், என்னத் திட்டுங்க, வேலைய எடுத்துடுங்க. அதுக்கு முன்னாடி ஒரு வாட்டி வண்டில ஏறிப் பாருங்க. மூஞ்சப் பாக்காதீங்க. கையப் பாருங்க."

அவர் ஏறினார். துணியை இழுத்து மூடிக்கொண்டார். வெகுநேரம் இறங்கவில்லை. ஏகாம்பரம் பானையோடு இன்னும் நாலடி பின்னால் போனான்.

இறங்கியபோது இன்ஸ்பெக்டரின் ஆள்காட்டி விரலில் ஒரு முத்து ஒட்டியிருந்தது. முகர்ந்து பார்த்தார். வேட்டியில் துடைத்தார். தொப்பி ஆடவில்லை.

"இதுல புருஷன் யாரு?"

பானையைச் சுட்டினார்கள்.

"எந்தக் கையில குத்தின?" என்று என்னைக் கேட்டார்.

"இடது கை சார்."

"வலதுலயும் குத்து."

பானையை யாரோ வாங்கிக்கொண்டார்கள். ஏகாம்பரம் சுற்றிலும் பார்த்தான். அந்தப் பொட்டல் வெளியில் ஒரு மரமும் இல்லை.

நான் குத்திக்கொண்டிருக்கும்போதே இன்ஸ்பெக்டர் கூட்டத்தைப் பார்த்து உரக்கச் சொன்னார்: "இந்த அம்மா மாகறல்லயே இருக்கணும். அக்கா வீட்டுல. புருஷன் வீட்டு ஆள் யாரும் நான் சொல்ற வரைக்கும் அந்த ஊர் எல்லையில கால் வைக்கக் கூடாது. யாராவது வச்சா, முன்சீப், நீங்கதான் எழுதி அனுப்பணும்."

முன்சீப் நிமிர்ந்து நின்றார். "இதுக்கு சட்டம் கீதுங்களா?"

"நிறைய இருக்கு," என்றார் இன்ஸ்பெக்டர். எந்தச் சட்டம் என்று சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

பம்பை மறுபடி முழங்கியது. வண்டி மாகறலுக்குப் போயிற்று. செய்யாற்றில் ஊரே சேர்ந்து தண்ணீர் ஊற்றியது. கூழ் நன்றாகக் கரைந்தது.

திரும்பும் வழியில் இன்ஸ்பெக்டர் என்னிடம் பேசினார். அவர் பாராட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "முட்டாள்," என்று ஆரம்பித்தார். "பெரியம்மை சந்தேகம்னு ஊருக்குச் சொல்லிட்டு எனக்கு ஒரு வார்த்தை சொல்லல. நிஜமாவே பக்கத்துத் தெருவுல வந்திருந்தா, அதையும் கூழ்னு நினைச்சு விட்டிருப்போம். அந்தப் பொண்ணு பொய் சொன்னா, அவளுக்கு வேற வழியில்ல. உனக்கு நான் இருந்தேன். அம்மைன்னா அம்மைன்னு சொல்லு. அடின்னா அடின்னு சொல்லு. ஊருக்குச் சொல்ல முடியலன்னா எனக்குச் சொல்லு."

இதைத்தான் உங்களுக்கும் சொல்கிறேன். கூழ் வழி எனக்கு ஒருமுறை பலித்தது என்பதால் நீங்கள் முயற்சி செய்யாதீர்கள். இன்று இதற்கென்றே சட்டமும் ஆட்களும் இருக்கிறார்கள் என்கிறீர்கள். நல்லது. ஆனாலும் கையைப் பார்த்துவிட்டு, மாமியாரை வைத்துக்கொண்டு "யார் அடிச்சது?" என்று கேட்காதீர்கள். அவளைத் தனியாக வைத்துக் கேளுங்கள். எங்கே போனால் நன்றாக இருப்பாய் என்றும் கேளுங்கள். பதில் அவளிடம் தயாராக இருக்கும்.

மாகறலுக்கு நான் போகும்போதெல்லாம் அக்கா வீட்டில் ஒரு குவளை மோர் உண்டு. அடி நின்றுவிட்டது, உடம்பு தேறிவிட்டது, இனி எல்லாம் சரி என்று நினைத்துக்கொண்டு போனேன். அக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

"இவளோட பெரிய பேஜாராக் கீது நைனா. ரோட்டுல மாட்டு மணி கேட்டா ஆளு காணாம பூடறா. அடுப்புல சோறு கொதிக்கும், இவ வைக்கப்போருக்குப் பின்னால நிப்பா. ரோட்டுல வண்டி போவாம இருக்குமா? தெனம் எனக்குக் கஞ்சி தீஞ்சிதான் கெடைக்குது."

பழகட்டும் என்று அக்கா தன் ஆட்டின் கழுத்தில் ஒரு மணி கட்டியிருந்தாள். அது வேறு விதமாகப் போயிற்று. ஆடு மேயும் பக்கமெல்லாம் இவள் ஒளிந்தாள். ஆட்டுக்கு இவள்மேல் பிரியம், போகுமிடமெல்லாம் தேடிப் போய் நின்றது. ஆட்டுக்கும் இவளுக்கும் நடந்த இந்தக் கண்ணாமூச்சியைப் பார்க்கத் தெருப் பிள்ளைகள் கூடுவார்கள். கன்னியம்மாவும் சிரிப்பாள். சிரித்துக்கொண்டேதான் ஒளிவாள். காலை அவளால் நிறுத்த முடியவில்லை. அடுத்த அறுவடை வந்துபோன பிறகும் அது முழுதாக நிற்கவில்லை.

பின்னால் காஞ்சிபுரம் கோர்ட்டில் ஜீவனாம்ச வழக்கு நடந்தது. அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வாய்தாக்களில் சுவாரசியம் இல்லை. கையில் நான் பார்த்ததைச் சாட்சி சொன்னேன். ஏகாம்பரத்தின் வக்கீல், என் கட்சிக்காரர் அடித்தது அன்பினால் என்றார். மாஜிஸ்திரேட் கண்ணாடியைக் கழற்றி, "அந்த அன்பை என் மேஜையிலிருந்து கொஞ்சம் தள்ளி வையுங்கள்," என்றார். தனியாக வாழலாம், சாப்பாட்டுக்கு அவன் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பு. அடித்ததற்குத் தண்டனை என்று யாரும் கேட்கவும் இல்லை, கொடுக்கவும் இல்லை. அவன் கொடுத்ததைவிடக் கொடுக்காத மாதங்களே அதிகம். ஆனால் அவள் திரும்பிப் போகவில்லை. கடைசிவரை போகவில்லை.

வழக்கெல்லாம் வருவதற்கு முன்னால் ஒரு நாள் நடந்தது இது. அக்கா வீட்டு வாசலில் நான் தெருப் பிள்ளைகளுக்குக் குத்திக்கொண்டிருந்தேன். ரோட்டில் மணிச் சத்தம். இது ஆடு இல்லை. ஏகாம்பரத்தின் வண்டிதான். முன்சீப்பும் கூட வந்திருந்தார். கன்னியம்மா வைக்கோல் போருக்குப் பின்னால் போய்விட்டாள். ஏகாம்பரம் என் கையிலிருந்த கருவியைப் பார்த்துவிட்டு மாட்டுக்கு அந்தப் பக்கமாக நின்றுகொண்டான்.

"அதான் அம்மா எறங்கி ரொம்ப நாளாச்சே," என்றார் முன்சீப். "இன்ஸ்பெக்டரும் வேற ஊருக்கு மாத்தலாயிட்டாராம். குடும்பம்னு ஒண்ணு கீது இல்ல? இட்டுக்கினு போவ வந்தோம்."

"அவளயே கேளுங்க," என்றாள் அக்கா.

ஆனால் அவளைக் கூப்பிடவில்லை. நானும் எழுந்திருக்கவில்லை. என் தொடையில் கிடந்த பையன்கூட அழுகையை நிறுத்திவிட்டு அந்தப் பக்கம் பார்த்தான். பிறகு அவள் வந்தாள். நடவிலிருந்து வந்த சேறு முழங்காலில் காய்ந்திருந்தது, தலையில் வைக்கோல். உடம்பு நடுங்கியது பார்த்த எல்லோருக்கும் தெரிந்தது. மாட்டின் மணி இன்னும் ஆடிக்கொண்டுதான் இருந்தது.

"வரமாட்டேன்," என்றாள்.

முன்சீப்புக்கு ஊர்வலத்து ஞாபகம் வந்திருக்க வேண்டும். சட்டென்று துண்டை இடுப்பில் கட்டிக் கைகூப்பினார். "தாயே, இது அம்மா உத்தரவுங்களா?"

"அம்மா எறங்கிட்டான்னு நீங்கதான சொன்னீங்க. இது கன்னியம்மா சொல்றா."

முன்சீப் கூப்பிய கையை என்ன செய்வது என்று தெரியாமல் என் பக்கம் திரும்பினார். அந்தப் பெண் அவர் ஊரில் ஆறு வருஷம் குடித்தனம் செய்திருந்தாள். அவர் முன்னால் பஞ்சாயத்தில் நின்றிருந்தாள்.

"யாருப்பா கன்னியம்மா?" என்றார்.

மாட்டுக்கு அந்தப் பக்கமிருந்து ஏகாம்பரம் வாயைத் திறப்பதற்குள் அவளே பதில் சொன்னாள்.

"நான்தான். இன்னொரு வாட்டி சொல்லட்டா?"